வளையம் இல்லாத நான்கு பீம்கள்

கான்கிரீட் லேபில் வேலை என்றால் எதையோ கண்டுபிடிக்கிற வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது உடைக்கிற வேலை. வார்த்து, ஈரச் சாக்குப் போர்த்தி, இருபத்தெட்டு நாள் தண்ணீர் காட்டி வளர்த்ததை மெஷினில் ஏற்றி உடைத்து, எத்தனை டன்னில் உடைந்தது என்று எழுதி வைக்க வேண்டும். மறுநாள் வேறொன்றை வார்க்க வேண்டும்.

புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில், சித்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையில் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் நான் லேப் டெக்னீஷியன். பூர்வீகம் நகரி பக்கம், குடியிருப்பது சித்தூர். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போய், நின்றுகொண்டே வேலை செய்து, நின்றுகொண்டு திரும்புகிறேன். சைட், லேப், குவாலிட்டி கண்ட்ரோல் என்று இடுப்பு போனவர்கள் இதைப் படித்தால், நான் சொல்லாத பாதியும் அவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குங்குமம் வைத்த க்யூப்

கட்டடம் கட்டுகிறவர்கள் வார்க்கிற கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து, ஆறங்குலக் கட்டிகளாக ஊற்றி எங்களிடம் கொண்டுவருவார்கள். அதற்கு க்யூப் என்று பெயர். நசுக்கிப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்போம். ஒரு மாம்பழ சீசனில் மாங்கூழ் ஃபாக்டரிக்கு ஷெட் போடுகிற காண்ட்ராக்டர் ஒருவர் மூன்று க்யூபை மாங்காய் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்றுக்கும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்திருந்தார். மேலே ஒவ்வொரு துளசி இலை வேறு. "நேத்துதான் மலைக்குப் போய் வந்தேன் சார், தைரியமா போடுங்க" என்றார்.

போட்டேன். முதல் க்யூப் தாங்க வேண்டிய எடையில் முக்காலுக்கே நொறுங்கியது. இரண்டாவது அதைவிடச் சீக்கிரம். மூன்றாவதை ஏற்றும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார், அதுவும் அதற்கு மரியாதை காட்டவில்லை. லேப் முழுக்க மாங்காய் வாசனை. ஃபெயில் என்று எழுதிப் பேப்பரை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் மெஷினையே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கடைசியில் சொன்னார்: "மிஷின் மேலதான் எனக்கு டவுட்டு கீது சார். அதுக்கும் ஒரு பொட்டு வெச்சிட்டு இன்னொரு தபா போடுங்களேன்."

மாட்டுக் கொட்டகைக்குப் போன ஆராய்ச்சி

உடைத்த பீம்கள், அதாவது கான்கிரீட் உத்திரங்கள், எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. லேபுக்குப் பின்னால் ஒரு குவியல் இருக்கிறது. அதில் இரண்டு கேன்டீன் வாசலில் பெஞ்சு ஆகிவிட்டது. எவரோ ஐந்து வருஷம் பாடுபட்ட ஆராய்ச்சியின் மேல் உட்கார்ந்து பிள்ளைகள் சமோசா தின்கிறார்கள்.

ஒரு நாள் குவியலில் ஒரு பீம் குறைந்தது. எங்களுக்குக் கம்பி கட்டிக் கொடுக்கும் ஏழுமலைதான் அதைக் கண்டுபிடித்தார். வேலூர் பக்கத்திலிருந்து வந்து சித்தூரில் குடும்பத்தோடு இருப்பவர், ஐம்பது வயது, எங்கே போனாலும் கழுத்தை நிமிர்த்தி அடுத்தவன் வீட்டு வாசலுக்கு மேல் போகிற லிண்டலைப் பார்க்கிற பழக்கம். பின்பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் அந்த பீமை டிராக்டரில் ஏற்றிப்போய் மாட்டுக் கொட்டகை வாசலுக்கு லிண்டலாக வைத்திருந்தார். நானும் ஏழுமலையும் ஓடினோம். விரிசல் தெரிவதற்காக நாங்கள் அடித்த சுண்ணாம்பும், விரிசல் பக்கத்தில் பென்சிலால் எழுதிய எண்களும் அப்படியே இருந்தன. கீழே இரண்டு எருமைகள் நின்றிருந்தன. எருமைகளை அவிழ்த்து வெளியே கட்டி, பீமை இறக்கி, வேறு லிண்டல் வைப்பதற்குள் சாயந்தரம் ஆகிவிட்டது. வரும் வழியில் ஏழுமலை இரண்டு தடவை நின்று கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார்.

உடைந்த பீமை ஏன் எடுத்தீர்கள் என்று விவசாயியைக் கேட்டதற்கு அவர் தெலுங்கில் சொன்ன பதில் இது: "நெம்பரெல்லாம் எழுதி வெச்சிருந்தீங்களே சார், கவர்மென்ட் பாஸ் பண்ண பீமுன்னு நெனச்சேன்."

சாம்பார்

இனி பார்கவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாயுடுபேட்டைப் பெண். திருப்பதியில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். எங்கள் லேபில் பிஎச்.டி. என்னை அண்ணா என்பாள். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். அவளுடைய ஆராய்ச்சி தானாகப் பரவும் கான்கிரீட்டைப் பற்றியது. சாதாரணக் கான்கிரீட்டை வைப்ரேட்டர் போட்டுக் குத்தி இறக்க வேண்டும். இது ஊற்றினால் போதும், தானாக ஓடி மூலை முடுக்கெல்லாம் நிரப்பிக்கொள்ளும்.

பீம் இரண்டு விதமாகச் சாகும். ஒன்று வளைந்து சாவது. நடுவில், அடியில், மெல்லிய விரிசல் விட்டு, தொங்கி, நாலு பேருக்குத் தெரியப்படுத்தி, நிதானமாகப் போகும். இன்னொன்று தாங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் சாய்வாக வெட்டிக்கொண்டு போவது. ஷியர் என்பார்கள். அதற்கு முன்னறிவிப்புக் கிடையாது. அதைத் தடுக்கத்தான் கான்கிரீட்டுக்குள் வைக்கிற கம்பிக் கூட்டைச் சுற்றி வளையம் வளையமாகக் கட்டுகிறோம். சாதாரணக் கான்கிரீட்டில் விரிசலுக்கு இரண்டு பக்கமும் ஜல்லிகள் ஒன்றையொன்று கடித்துப் பிடிக்கும். பரவும் கான்கிரீட்டில் ஜல்லி குறைவு, அந்தப் பிடிப்பு எவ்வளவு இருக்கும்? இதுதான் அவள் கேள்வி. அதற்கு வளையம் உள்ள பீம் நாலு, வளையமே இல்லாத பீம் நாலு வேண்டும். ஜூலைக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவள் பதிவு ரத்து. பட்டம் இல்லாவிட்டால் அந்தத் தற்காலிக வேலையும் போகும். ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது.

முதல் கலவையைத் தகட்டின் மேல் கூம்பில் நிரப்பி, கூம்பைத் தூக்கினோம். கலவை அழகாக வட்டமாகப் பரவி நின்றது. பார்கவி ஸ்கேல் வைத்து அளந்து சந்தோஷப்பட்டாள். ஏழுமலை கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னா சார் இது, சாம்பார் மாரி ஓடுது. இத்த ஊத்தி வூடு கட்டுனா உள்ள குடியிருக்கணுமா, தொட்டுகினு துன்னணுமா?"

கமிட்டி வந்த நாள்

வளையம் உள்ள நாலு பீமும் ஒழுங்காக முடிந்தன. அடுத்து வளையம் இல்லாத நாலு. அதை வார்க்கக் குறித்த நாளில்தான் கல்லூரியைச் சோதிக்கிற கமிட்டி வந்தது. கமிட்டி வருகிற நாளில் கல்லூரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். செத்த குழல்விளக்குகள் எல்லாம் எரியும். பார்கவியை செமினார் ஹாலில் படம் காட்டிப் பேச நிறுத்தினார்கள். கமிட்டிக்கு ஒரு பீமை உடைத்துக் காட்டு என்று என்னை நிறுத்தினார்கள்.

ஏழுமலை ஆட்களோடு பின்பக்கம் கூட்டை அச்சுக்குள் வைத்துவிட்டு, சரிபார்ப்புத் தாளோடு வந்தார். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் கூட்டை நான் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அது விதி. தாளில் தெளிவாக இருந்தது: வளையம் – கூடு நிற்பதற்காக முனைகளில் மட்டும். நான் கமிட்டி உட்காரும் நாற்காலிக்குத் துணி போட்டுக்கொண்டிருந்தேன். நாற்காலி முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் பார்க்காமல் போட்டது அது முதல் தடவை என்று சொல்ல ஆசைதான். உங்களிடம் பொய் எதற்கு.

கமிட்டிக்கு வைத்த பீம் வளைந்து சாகிற ரகம். அது நிதானமாக வளைந்தது. பத்து நிமிஷம் பார்த்தார்கள். கால் மணி பார்த்தார்கள். சாப்பாட்டுக்கு மணி ஆயிற்று, போய்விட்டார்கள். பீம் உடைந்தபோது அவர்கள் ரசத்துக்கு வந்திருந்தார்களாம். திரும்பி வந்த பெரியவர் இரண்டு துண்டையும் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்: "வெரி குட். எங்க கண்ணு முன்னாடி உடையாம பாத்துக்கிட்டீங்க."

சந்தோஷமான அரை நாள்

இருபத்தெட்டு நாள் கழித்து அந்த நாலில் முதல் இரண்டை ஏற்றினோம். பார்கவி பென்சிலோடு நின்றாள். உடைய வேண்டிய எடை வந்தது, பீம் உடையவில்லை. அதைத் தாண்டியும் போனது. வளையம் உள்ள பீம்களைவிடக் கொஞ்சம்தான் குறைவாகத் தாங்கிற்று. இரண்டாவதும் அப்படியே. அவள் முகத்தை அன்றுதான் அவ்வளவு பிரகாசமாகப் பார்த்தேன். வளையமே இல்லாமல் இவ்வளவு தாங்குகிறதென்றால் இது பெரிய விஷயம். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வுக்குக் காத்திருக்கிறவர், எதற்கும் எழுந்திருக்காதவர். அவரே எழுந்து வந்து கைகொடுத்தார். அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். அடிவாரத்து அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டுதலாம். மத்தியானமே திருப்பதி பஸ் ஏறிவிட்டாள்.

எனக்கு மட்டும் மனசு உட்காரவில்லை. வளையம் இல்லாத பீம் ஒரே ஒரு சாய்ந்த விரிசலில் பட்டென்று போகும். இவற்றில் நாலைந்து மெல்லிய விரிசல்கள் இருந்தன. சொல்லிக்கொண்டு செத்திருந்தன. சுத்தியலை எடுத்து விரிசல் ஓரம் தட்டினேன். சில்லு பெயர்ந்து உள்ளே ஒரு வளையம் தெரிந்தது. எட்டங்குலம் தள்ளித் தட்டினேன், இன்னொன்று. இருபத்தெட்டு நாளும் போய்விட்டது, என் கையெழுத்தால் போய்விட்டது. துண்டுகளைக் குவியலில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். போன் போட்டேன். பார்கவியின் பஸ் சந்திரகிரியைத் தாண்டியிருந்தது. நடந்ததைச் சொன்னேன், நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து. அவள் சொன்னாள்:

"மெட்டு, மலைப் படி ஏறி முடிச்சப்புறம் சொல்லியிருந்தீங்கன்னா, சாமிகிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிருக்கும் அண்ணா. பர்வாலேது, பரவால்ல, நான் எறங்குறேன்."

ஏழுமலையின் நியாயம்

மறுநாள் காலை ஏழுமலையைக் கூப்பிட்டு உடைந்த பீமைக் காட்டினேன். மறைப்பார் என்று நினைத்தேன். அவர் வளையத்தைத் தடவிப் பார்த்து, "நல்லா புடிச்சிகினுதான் கீது" என்றார் திருப்தியாக. முனைகளில் மட்டும் என்று எழுதியிருந்ததே, நடுவில் ஏன் போட்டீர்கள் என்றேன். நடுவில் வருவதை எழுத விட்டுப்போச்சு என்று நினைத்தாராம். வேண்டாமென்றே எழுதியிருந்தாலும் போடாமல் விட அவருக்கு மனசு வரவில்லையாம். மிச்சம் கிடந்த துண்டுக் கம்பியை மத்தியானச் சோறு தின்னாமல் உட்கார்ந்து வளைத்திருக்கிறார். இதைக் கேட்டுக்கொண்டு பார்கவி பக்கத்திலேயே நின்றாள். பேராசிரியரும் நின்றார்.

பேராசிரியர் கெட்டவர் இல்லை, களைத்தவர். "ரிசல்ட் நல்லாத்தானே வந்திருக்கு. உள்ளே இருக்கிறதை யார் பார்த்தா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பார்கவி, "நேனு சூசானு சார், நான் பார்த்துட்டேன்" என்றாள். "இந்த நம்பரை நம்பி ஒருத்தர் வளையம் இல்லாம கட்டிடுவார்." அவர் வேறு எதுவும் பேசாமல் மறுபடி வார்க்க அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார். அவரும் படித்துப் பார்க்கவில்லை, அது வேறு விஷயம். கையில் முப்பத்து மூன்று நாள் இருந்தது. அதில் இருபத்தெட்டைக் கான்கிரீட் எடுத்துக்கொள்ளும்.

நான் ஏழுமலையிடம் கொஞ்சம் கோபமாகத்தான் பேசினேன். இது உடைப்பதற்கென்றே செய்கிற பீம், இதன் கீழே யார் நிற்கப்போகிறார்கள் என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அந்த எருமைங்க நின்னுதே சார்."

சிவப்புப் பெயின்ட்

வளையம் இல்லாமல் கூடு கட்ட ஏழுமலை முதலில் ஒப்பவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் கட்டினதில்லை, கை வராது என்றார். வேறு ஆளைத் தேட நாளில்லை. பார்கவி அவரிடம் தனியாகப் போய்ப் பேசினாள். இவள் தெலுங்குத் தமிழும் அவர் வேலூர்த் தமிழும் என்ன பேசிக்கொண்டனவோ, அரை மணி கழித்து ஒரு நிபந்தனையோடு வந்தார். பீம் ஒவ்வொன்றிலும், எல்லாப் பக்கத்திலும், சிவப்புப் பெயின்ட்டால் எச்சரிக்கை எழுத வேண்டும். உடைந்த பிறகு துண்டுகளை இன்னும் துண்டாக்க வேண்டும்.

இந்தத் தடவை கூட்டை நான் குனிந்து பார்த்தேன். கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். பார்கவி வகுப்புக்கு லீவு போட்டுவிட்டு அச்சுக்குப் பக்கத்திலேயே நின்றாள். கலவை சத்தமில்லாமல் ஓடி நிரம்பிற்று. அச்சைக் கழற்றிய அன்றைக்கே ஏழுமலை பிரஷ்ஷோடு வந்துவிட்டார். 'வளையம் இல்லை, யாரும் எடுக்கக் கூடாது' என்று தமிழில் எழுதினார். தெலுங்கில் பார்கவியை எழுதச் சொன்னார். நான் சுண்ணாம்பு அடிக்க வேறு இடமில்லாமல் நின்றேன். எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"எருமைக்குத் தெரியாது சார், எருமக்காரனுக்காவது தெரியட்டும்."

சொல்லாமல் போனது

இருபத்தெட்டாம் நாள் காலையில் முதல் பீமை ஏற்றினோம். ஏழுமலை அன்று வேறு வேலைக்குப் போகவில்லை. மெஷினுக்கு எட்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எடை ஏறிற்று. நடுவில் அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். பார்கவி எண்ணைக் குறித்தாள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஊசி நகர்ந்துகொண்டே இருந்தது, பீம் சும்மா இருந்தது. மறுபடி உள்ளே ஏதாவது இருக்கிறதோ என்ற பயம்.

பட்டென்று ஒரு சத்தம். தாங்கியிலிருந்து மேலே வரைக்கும் ஒரே சாய்வு வெட்டு, சிவப்பு எழுத்தின் குறுக்கே. போன தடவை தாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பார்கவி எதிர்பார்த்துக் கனவு கண்ட எண் இல்லை. மிகச் சாதாரணமான எண். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் எண்ணை எழுதிவிட்டுத்தான் துடைத்துக்கொண்டாள். மற்ற மூன்றும் அதே மாதிரி, அதே எடையைச் சுற்றியே போயின. நாலும் ஒன்று சொன்னால் அது உண்மை.

ஏழுமலை கிட்டே வந்து வெட்டை விரலால் தடவினார். "ஒரு வார்த்த சொல்லிகினு போவலியே சார். இத்தத்தான் இந்தப் பொண்ணு இத்தன வருசமா தேடிகினு இருந்துதா?"

வாய்மொழித் தேர்வு

ஆய்வேட்டைக் கடைசி நாளில், அலுவலகம் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கொடுத்தாள். கெட்டுப்போன நாலு பீமையும் அவள் மறைக்கவில்லை. தவறுதலாக வளையம் சேர்ந்தவை என்று வெளிப்படையாக எழுதி, மீதி இரண்டையும் உடைத்து, தனிப் பகுதியாகவே வைத்துவிட்டாள். பின்னிணைப்பில், பார்க்காமல் போட்டது என்ற குறிப்போடு, நான் கையெழுத்துப் போட்ட தாளின் நகல். வைக்கட்டுமா என்று என்னைக் கேட்டாள். வைக்காதே என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எல்லாப் பக்கத்தையும் படித்திருந்தார், அது ஒரு அதிசயம். பின்னிணைப்பைத் திருப்பி, இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். ஹாலின் கடைசியில் நின்றிருந்த நான் கையைத் தூக்கினேன். அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையாட்டிவிட்டு, "பார்க்காம போட்டதுன்னு ஒத்துக்கிட்ட கையெழுத்தை இப்பதான் பார்க்கிறேன்" என்றார். பாராட்டா திட்டா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அந்த நாலு பீம்களுக்கு வந்தார். வளையத்துக்கு வளையம் வழக்கமான ஆறங்குலம் அல்ல, எட்டங்குலம். எந்த விதிப் புத்தகமும் இந்த அளவு பீமுக்கு அனுமதிக்காத இடைவெளி. ஆனாலும் அந்த வளையங்கள் தாங்கியிருக்கின்றன, பீமும் சொல்லிவிட்டுத்தான் உடைந்திருக்கிறது. ஆய்வேட்டிலேயே அதுதான் சுவாரசியம் என்றார். இந்த இடைவெளியை யார் தீர்மானித்தது, எந்த அடிப்படையில்? பார்கவி வாசலைக் காட்டினாள். சலவைச் சட்டையில் ஏழுமலை நின்றிருந்தார். இங்கிலீஷ் கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடிப்படைலாம் ஒண்ணும் இல்ல சார். மிச்சம் கெடந்த கம்பிக்கு அவ்ளோதான் வளையம் வந்துச்சு."

பார்கவிக்குப் பட்டம் கிடைத்தது, ஏழுமலைக்குக் கைதட்டல் கிடைத்தது, தானாகவே ஓடி, தானாகவே பரவி, தானாகவே இறுகுகிற கான்கிரீட்டைக்கூட யாராவது ஒருத்தன் குனிந்து எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும் என்கிற அறிவு எனக்கு, இடுப்பு போன பிறகு, கிடைத்தது.